கேள்வி கேக்க வந்த புள்ள

"உங்கட நிறுவனத்தின்ட செயலாற்றுகை எப்பிடி இருக்கு, மெடம்?"

இதுதான் அந்தப் புள்ள என்னுட்ட முதல் முதலாக் கேட்ட கேள்வி. எனக்குச் சிரிப்பும் வந்திச்சி, எரிச்சலும் வந்திச்சி. நிறுவனமாம்! நான் கலியாண ஊடுகளுக்குக் கதிர, கூடாரம், சோறாக்குற கிடாரம், ஆறு பேர் சுத்தியிரிந்து ஒண்டாச் சாப்பிர்ற பெரிய சஹன் தட்டு, இதெல்லாம் வாடகைக்குக் குடுக்கிறவள். கல்முனையில ஆருட்டக் கேட்டாலும் கதிரக்கார சுல்பிகா ராத்தா எண்டுதான் சொல்லுவாங்க. "மெடம் கிடம் எண்டா இப்பவே எழும்பிப் போயிரு. உம்மா எண்டு சொல்லு. செயலாற்றுகை எண்டா என்னெண்டும் சொல்லு. அதுக்குப் பொறகு மறுமொழி சொல்றன்" எண்டன்.

புள்ள பயப்படல்ல. சிரிச்சிச்சி. பேர் றொஷேல். கல்முனைக் கிறிஸ்தவப் புள்ள, கெம்பஸில முகாமைத்துவம் படிப்பிக்கிற. இப்ப கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யிதாம். குடும்ப யாவாரம் ஒண்டு பெத்தவங்கட கையால புள்ளைகள்ட கைக்கு மாறக்குள்ள அது நல்லா நடக்குதா, விழுந்து போகுதா, ஏன் எப்பிடி, இதுதான் ஆராய்ச்சி. எங்கட கரையோரத்தில சொந்தமா யாவாரம் செய்யிற ஆக்களத் தேடிப் போய், கைப்போன மேசையில வெச்சி, கதைக்கச் சொல்லி றெக்கோட் பண்ணுற. ஆருமே வாயத் திறக்கல்லயாம். வரி வாங்க வந்த ஆளெண்டு பயந்து ஒருத்தர் பின்பக்கத்தால இறங்கி ஓடிட்டாராம். இன்னொருத்தர் கொத்து றொட்டி வாங்கிக் குடுத்து, சாப்பிட்டு முடியிற வரைக்கும் தன்ட முழங்கால் வருத்தத்தப் பத்தியே கதைச்சிப்போட்டு அனுப்பினாராம். நான் விழுந்து விழுந்து சிரிச்சிட்டன். என்ட ஊட்டில அப்பிடிச் சத்தமாச் சிரிச்சிக் கன காலம்.

பொறகு புள்ள தாளப் பாத்து அடுத்த கேள்வியக் கேட்டிச்சி. "பொறுப்பெடுக்கப் போற மகன் இப்ப உங்களோட ஒரே வீட்டில இருக்காரா?"

எனக்குப் பொத்துக்கிட்டு வந்திச்சி கோவம். "உன்ட கேள்விய ஆரு எழுதின?"

"வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரங்க உம்மா. எல்லா இடத்திலயும் இதத்தான் கேக்கிற."

"அவனுகள்ட ஊரில பொம்புளப் புள்ளதான் ஆம்புளட ஊட்ட போறாக்கும். நீ கல்முனையில பிறந்து வளந்த புள்ள. உனக்குமா தெரியா?"

தெரியும் எண்டு தலைய ஆட்டிச்சி. தெரிஞ்சும் அந்தக் கேள்விய மாத்தணும் எண்டு யோசிக்கல்ல. அப்ப நானே சொன்னன். இது எங்கட உம்மா எனக்குத் தந்த சீதன ஊடு. எங்கட ஊருகளில மாப்பிள்ளதான் பொண்டாட்டிட ஊட்ட வாற. என்ட மாப்பிள்ளயும் அப்பிடி இங்க வந்த மனிசன்தான். வந்து முன் வளவில கொட்டில் ஒண்டு போட்டு, கதிர வாங்கி அடுக்கி, யாவாரத்தத் தொடங்கினாரு. அவர் மவுத்தானதுக்குப் பொறகு நாலு மாசம் பத்து நாள் ஊட்டுக்குள்ள இத்தா இரிந்து முடிச்சிட்டு நான் கொட்டிலத் திறந்தன். எங்களுக்கு மூணும் ஆம்புளப் புள்ள. மூணாவதும் ஆம்புள எண்ட நேரம் ஊரே கண்ணூறு பட்டிச்சி. ஊடு கட்ட வேணாம், சீதனம் தேட வேணாம், சுல்பிகாக்கு என்ன குறையாம்! மூணு பேரும் மூணு ஊட்டுக்கு மாப்பிள்ளயாப் போனா இந்த ஊட்டில ஆரு மிச்சம் எண்டு ஒரு மனிசர் யோசிக்கல்ல. நானும் யோசிக்கல்ல.

மூத்தவன் சம்மாந்துறையில. நடுவிலான் அக்கரைப்பற்றில. கடைசியான் ஸிராஜ் மருதமுனையில. மருதமுனை கிட்டத்தான், ஆட்டோவில ஏறி மூச்சு விட முந்தி இறங்கிரலாம். அதுதான் கூட எரிச்சல். தூரமெண்டாலும் மனசு ஆறியிரிக்கும். ஸிராஜிட கலியாணத்துக்குப் பொண் ஊட்டுக்குக் கதிர போனதும் என்ட கொட்டிலால தான். என்ட கதிரயில குந்தியிரிந்துதான் என்ட மகன எடுத்தாங்க.

புள்ள எழுதுறத நிப்பாட்டிப்போட்டு என்னையே பாத்திச்சி. "உம்மா, இது எங்கட புத்தகம் ஒண்டிலயும் இல்ல. வாற செவ்வாயும் வரட்டா?" எண்டு கேட்டிச்சி.

"வா" எண்டன். அவ்வளவுதான் தொடக்கம்.

செவ்வாய் எங்களுக்கு வேல குறைஞ்ச நாள். சனி ஞாயிறு கலியாண ஊடுகளுக்குப் போன சாமான் திங்கள் திரும்பி வரும். செவ்வாய் மீராமுகைதீன் முத்தத்தில குந்தி சஹனெல்லாம் கழுவுவாரு. அவர் எங்கட கொட்டிலில கன காலமா வேல செய்யிற மனிசன், கேட்டதுக்கு ஓம் எண்டுவாரு, கேக்காட்டி அதுவும் இல்ல. அந்தப் புள்ளைக்கும் செவ்வாய் பின்னேரம் ஒரு மணித்தியாலம்தான் ஓய்வு. மத்தியானம் லுஹர் தொழுதிட்டு நான் கொட்டிலுக்குப் பக்கத்து அறையில மேசையத் துடைச்சி வெப்பன். ஸ்கூட்டிச் சத்தம் கேக்கும். உள்ள வந்து கைப்போன மேசையில வெச்சி, "சொல்லுங்க உம்மா" எண்டும்.

இந்தச் "சொல்லுங்க உம்மா" இரிக்கே, அதுக்காக நான் கிழமையெல்லாம் காத்திட்டிரிந்தன். சொல்ல வெக்கமில்ல. அடுப்பில கறி கொதிக்கக்குள்ளயும், இத அந்தப் புள்ளைக்குச் சொல்லணும், அத அந்தப் புள்ளைக்குச் சொல்லணும் எண்டு மனசுக்குள்ள அடுக்கிட்டே இரிப்பன். மகன்மார் மூணு பேரும் கோல் எடுக்கிறதான், இல்லயெண்டு சொல்லமாட்டன். சாப்பிட்டயா உம்மா, மருந்து போட்டயா உம்மா, சரி வெக்கிறன் உம்மா. மூணு பேருக்கும் ஆரோ சேத்துப் பாடமாக்கிக் குடுத்த மாதிரி. இந்தப் புள்ள கேக்கிறது வேற. ஏன் அப்பிடிச் செஞ்சீங்க எண்டு கேக்கும். அதுக்குப் பிறகு எண்டு கேக்கும். சொல்லி முடிச்சிட்டன் எண்டு நான் நினைக்கக்குள்ள, அந்த நேரம் உங்களுக்கு எப்பிடி இருந்திச்சு எண்டு கேக்கும்.

ஒரு நாள் மையத்து ஊட்டுக் கதையக் கேட்டிச்சி. எங்கட கொட்டிலால, ஆள் மவுத்தான மையத்து ஊட்டுக்குக் கதிரயும் கூடாரமும் போனா வாடகை எடுக்கிறல்ல. அவர் தொடங்கின வழக்கம். "அது நிறுவனத்துக்கு நட்டமில்லையா உம்மா?" எண்டிச்சி புள்ள.

"விசர்க் கதை கதைக்காத. மையத்து ஊட்டில காசு கேட்டா நாளைக்கு என்ட மையத்துக்கு ஆரு வருவாங்க?"

"அதப் பத்தி உங்களுக்குப் பயமா இருக்கா?"

நான் பகிடியா ஏதும் சொல்லித் தப்பியிரிக்கலாம். வாயில வந்தது உண்மை. "ஓம்" எண்டன். "தனிய மவுத்தாகிக் கிடந்து, மீராமுகைதீன் வந்து கதவத் தட்டித்தான் ஊருக்குத் தெரிய வருமோ எண்டு பயம்." இத நான் பெத்த புள்ளைகளுக்குச் சொன்னதில்ல. சொன்னாப் பதறி ஓடி வருவானுகள், ரெண்டு நாள் நிப்பானுகள், பொறகு மருமகள்மார்ட கோல் வரத் தொடங்கும். றொஷேல் பதறல்ல. என்ட கையத் தொட்டிச்சி. அண்டைக்கு நான் நல்லா நித்திரை கொண்டன்.

பொறகு ஒரு செவ்வாய் வந்திச்சி. நான் வட்டிலப்பம் அவிச்சி வெச்சிரிந்தன். புள்ள சாப்பிட்டிச்சி, நல்லாயிருக்கு எண்டிச்சி, போனக் கையில எடுத்துப் பையில போட்டிச்சி. மேசையில வெக்கல்ல.

"உம்மா, வாற கிழமையில இருந்து நான் வரமாட்டன். உங்களோட வேல முடிஞ்சிது" எண்டிச்சி.

"முடிஞ்சிதா? நான் இன்னும் சொல்லி முடிக்கல்லயே."

புள்ள பக்குவமா விளங்கப்படுத்திச்சி. தரவு நிறைவு எண்டு ஒண்டு இரிக்காம். ஒரு ஆளுட்டத் திரும்பத் திரும்பக் கேட்டு வரக்குள்ள, ஒரு கட்டத்தில முதல் சொன்னதே வரத் தொடங்குமாம். புதுசா ஒண்டும் வராட்டி, அந்த ஆளுட்ட எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாச்சி எண்டு அர்த்தமாம். அதோட நிப்பாட்டிரணுமாம். "போன மூண்டு முறையும் நீங்க சொன்னது எல்லாம் முதல் சொன்னதுதான் உம்மா. அது பிழையில்ல. நல்லம். அப்பிடி வந்தாத்தான் ஆராய்ச்சி சரியெண்டு அர்த்தம்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிட்டு. நான் என்ன கிணறா, இறைச்சி முடிஞ்சிதெண்டு வாளிய எடுத்திட்டுப் போக? கத்தணும் போல இரிந்திச்சி. கத்தினா இந்தப் புள்ள நல்ல மரியாதயா மன்னிப்புக் கேட்டுப்போட்டு ஸ்கூட்டியில ஏறிப் போயிரும். போனாப் போனதுதான். நாளைக்கு இந்த அறையில நானும் மேசையும்தான். அப்பத்தான் வாயில வந்திச்சி.

"புதுசா ஒண்டு இரிக்கி. சொல்லலாமா விடலாமா எண்டுதான் இவ்வளவு நாளும் பாத்திட்டிரிந்தன். ஸிராஜ் கொட்டிலப் பொறுப்பெடுக்கப் போறான்."

புள்ளட முகம் பாக்கணும். பையில போட்ட போன் அந்தக் கணமே மேசைக்கு வந்திட்டு. "உண்மையாவா உம்மா? எப்பேருந்து? அப்ப கைமாறல் நடக்கக்குள்ளயே பக்கத்தில இருந்து பாக்கலாமே! இப்பிடி ஒருத்தருக்கும் கிடைக்கிறேல்ல!" எண்டு கதிரயில துள்ளிச்சி. ஒவ்வொரு செவ்வாயும் வரணுமாம். மாதக் கணக்கா வரணுமாம். முதல்ல ஸிராஜோட கதைக்கணுமாம்.

"கதை" எண்டன். வேற என்னத்தச் சொல்ற? பொய் சொன்னதுக்கு எனக்கு அந்த நேரம் ஒரு துளி கவலையும் இல்ல. புள்ள திரும்ப வரும். அவ்வளவும்தான் எனக்கு வேண்டியிரிந்திச்சி. அது போய்க் கனக்க நேரத்துக்குப் பொறகுதான், அட அல்லாஹ்வே, இப்ப ஸிராஜ எப்பிடிக் கொண்டு வாற எண்டு யோசிச்சன்.

அடுத்த நாளே வாழப்பழச் சீப்பொண்டும் பிஸ்கட்டும் வாங்கிட்டு மருதமுனைக்குப் போனன். மகன்ட ஊட்டுக்கு உம்மா போறாள். ஆனா அது மருமகள்ட ஊடு. சோடாவ நல்ல கிளாஸில ஊத்தி, தட்டில வெச்சிக் கொண்டந்து தந்தாள் மருமகள். நல்ல புள்ளதான், குற சொல்ல மாட்டன். நல்ல கிளாஸில தந்ததுதான் எனக்குத் தொண்டையில இறங்கல்ல. குசினிக்குள்ள போய் நானே ஒரு பிளேன்ரீ ஊத்திக் குடிக்க ஏலுமா அந்த ஊட்டில? ஹோலில சோபாவில நுனியில குந்திட்டிரிந்தன்.

சம்மந்தி வந்து முன்னுக்கு இரிந்தாரு. அவருக்கு மருதமுனையில இரும்புச் சாமான் கடை. ஸிராஜ் அந்தக் கடையிலதான் நிக்கிற. மனிசன் கதைக்கத் தொடங்கினாரு, கதைச்சாரு, கதைச்சாரு. கடையப் பெருப்பிக்கப் போறாராம், மேல் மாடி கட்டப் போறாராம். பக்கத்தில ஸிராஜ் கைய மடியில வெச்சிட்டு இரிந்தான். நான் அவனுட்ட, "என்ன மகன், மெலிஞ்சி போனாய்?" எண்டு கேட்டன். சம்மந்திதான் மறுமொழி சொன்னாரு. "மெலியல்ல சம்மந்தி, வேல கூட. உங்கட மகன் மாதிரி ஒரு மாப்பிள்ள கிடைக்க நாங்க குடுத்து வெச்சிரிக்கணும். வாயே திறக்க மாட்டாரு. சொன்னதச் செய்வாரு, ஏன் எண்டு ஒரு கேள்வி இல்ல."

அந்த மனிசன் அதப் புகழ்ந்துதான் சொன்னாரு. ஸிராஜ் சின்னனில வாய் மூடாத பொடியன். கொட்டிலுக்குள்ள கதிர அடுக்கில ஏறியிரிந்து, வாற போற எல்லாரோடயும் அலட்டிட்டே இரிப்பான். இவன்ட வாய்க்குப் பூட்டொண்டு வாங்கணும் எண்டு அவன்ட வாப்பா ஏசுவாரு.

போகக்குள்ள கேற்றடியில வெச்சி அவனுட்டச் சொன்னன். கெம்பஸ் புள்ள வாறதச் சொன்னன், நான் சொன்ன பொய்யையும் சொன்னன். "செவ்வாய்க்கிழமை ஒரு மணித்தியாலம் வந்து இரிந்திட்டுப் போ மகன். கொட்டில எடுக்கத் தேவல்ல. வந்து இரிந்தாப் போதும்."

"விசரா உம்மா உங்களுக்கு?" எண்டான். "என்னையும் பொய் சொல்லச் சொல்றயளா?"

"பொய் சொல்ல வேணாம். அந்தப் புள்ள கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லு."

அவன் ஊட்டுப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தான். "செவ்வாயில மாமா சாமான் எடுக்க மட்டக்களப்புக்குப் போவாரு. வரப் பாக்கிறன்" எண்டான். சரியெண்டும் சொல்லல்ல, இல்லயெண்டும் சொல்லல்ல. நான் ஆட்டோவில வரக்குள்ள அழுதிட்டே வந்தன். ஆட்டோக்காரப் பொடியன் கண்ணாடியில பாத்திட்டுப் பாட்ட நிப்பாட்டினான்.

செவ்வாய் வந்தான். மோட்டார் சைக்கிள வளவுக்குள்ள விட்டுட்டு, ஆரோ அந்நிய ஊட்டுக்கு வந்த மாதிரிச் செருப்பக் கழட்டி ஓரமா வெச்சான். றொஷேல் அவனுக்குச் சலாம் சொல்லி, தன்ட ஆராய்ச்சிய விளங்கப்படுத்தி, அவன்ட விருப்பத்தக் கேட்டிச்சி. பொறகு என்னப் பாத்து, "உம்மா, குறை நினைக்காதீங்க. வாரிசோட தனியத்தான் கதைக்கணும். பெத்தவங்க பக்கத்தில இருந்தா ஆக்கள் மனசத் திறந்து கதைக்க மாட்டாங்க" எண்டிச்சி.

என்ட அறையில இரிந்து என்ன வெளிய போகச் சொல்லிச்சி. எனக்கு மூக்கு நுனியில வந்திட்டு கோவம். ஆனா வேற ஒரு சிக்கல் இரிந்திச்சி. கலியாணம் முடிச்ச ஆம்புளயும் கொமர்ப் புள்ளயும் தனிய இரிக்கக் கதவ மூடினா ஊர் சும்மா விடாது. திறந்து வெச்சா எனக்குக் காது கேக்கும். கடைசியாக் கதவத் திறந்து வெச்சி, நான் முத்தத்தில அவங்களக் காணக் கூடிய இடத்தில கதிரயப் போட்டன். மீராமுகைதீனுட்ட, "சஹனக் கழுவுங்க" எண்டன். அவர் தொடங்கினாரு. தண்ணிச் சத்தத்திலயும் தட்டுச் சத்தத்திலயும் உள்ள கதைக்கிறது எனக்கு ஒண்டும் விளங்கல்ல.

முதல்ல ஸிராஜ் சோதின எழுதப் போன பொடியன் மாதிரி நிமிந்து இரிந்தான். ரெண்டு சொல்லு சொல்லுவான், நிப்பாட்டுவான். புள்ள ஏதோ கேக்கும். திரும்ப ரெண்டு சொல்லு. பொறகு ஒருக்கா அவன் கைய ஆட்டினான். பொறகு ரெண்டு கையும் ஆடிச்சி. கதிரய முன்னுக்கு இழுத்திட்டு, குனிஞ்சி, வாய் மூடாமக் கதைக்கத் தொடங்கினான். ஒருக்காச் சிரிச்சான். அந்தச் சிரிப்பு தண்ணிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிச்சி. நான் எழும்பிட்டன். எழும்பினவள் எங்க போற எண்டு தெரியாமத் திரும்ப இரிந்தன்.

எனக்குப் பொறாம வந்திச்சி. உள்ளதச் சொல்லணுமே. பெத்த உம்மாக்குச் சாப்பிட்டயா, மருந்து போட்டயா. ஆரெண்டு தெரியாத புள்ளைக்கு மழை மாதிரிக் கதை. எனக்கு என்ன குற? நான் கேட்டிரிந்தாச் சொல்லியிரிக்க மாட்டானா? பொறகு எனக்கே விளங்கிச்சி, நான் கேட்டதில்ல. கோல் வந்தா நானும் அப்பிடித்தான். சாப்பிட்டன் மகன், போட்டன் மகன், நீ சாப்பிட்டயா மகன். என்ட பயத்த நான் அவனுக்குச் சொல்லல்ல, அவனும் அவன்டய எனக்குச் சொல்லல்ல.

அந்த நேரம் ஸிராஜ் சாறன் நுனிய எடுத்து முகத்தத் துடைச்சான். வேர்வையா எண்டு பாத்தன். வேர்வையில்ல. தண்ணிச் சத்தமும் நிண்டு போச்சி. "முடிஞ்சிது ராத்தா" எண்டாரு மீராமுகைதீன்.

"இன்னொருக்காக் கழுவுங்க."

"இது கழுவினது ராத்தா."

"கழுவினதக் கழுவினா என்ன, தேஞ்சா போகும்? கழுவுங்க எண்டன்!"

மனிசன் என்ட முகத்தப் பாத்தாரு, உள்ள ஒருக்காப் பாத்தாரு. முதல் சஹனத் திரும்ப எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாரு.

அஸர் பாங்கு சொன்ன பொறகுதான் ஸிராஜ் வெளிய வந்தான். கண் சிவந்திரிந்திச்சி. "உம்மா, நான் உண்மையச் சொல்லிட்டன். கொட்டில எடுக்கல்ல எண்டு சொல்லிட்டன்."

"அது எனக்குத் தெரிஞ்சதுதானே."

"கோவமா?"

"ஓம், கோவம்தான். போய்த் தொழு."

போறவன் கேற்றடியில நிண்டு திரும்பிப் பாத்தான். பொறகு மோட்டார் சைக்கிள எடுத்திட்டுப் போயிட்டான்.

றொஷேல் பையத் தோளில போட்டிட்டு வந்திச்சி. இனி ஏச்சு வரும், ஆராய்ச்சியப் பழுதாக்கினயள் எண்டு சொல்லும் எண்டு நான் எதிர்பாத்துட்டு இரிந்தன். புள்ள கதிரயொண்ட இழுத்து என்ட பக்கத்தில போட்டிட்டு இரிந்திச்சி. "பொய் சொல்லியிருக்கத் தேவல்ல உம்மா. சும்மா வா எண்டு கூப்பிட்டிருந்தா வந்திருப்பன்."

"வந்திரிக்க மாட்டாய்" எண்டன்.

புள்ள கொஞ்சம் யோசிச்சிச்சி. "ஓம்" எண்டிச்சி. "வந்திருக்க மாட்டன். வரணும் எண்டு நினைச்சிருப்பன்."

அது உண்மையச் சொன்னதுக்காக எனக்கு அந்தப் புள்ளயில இன்னும் விருப்பம் கூடிச்சி. நெஞ்சும் நொந்திச்சி.

"அவன் என்ன சொன்ன?"

"அதச் சொல்ல ஏலா உம்மா. நீங்க எனக்குச் சொன்னதையும் நான் அவருக்குச் சொல்லல்ல. அது எங்கட விதி."

"ஒரு சொல்லாவது?"

"ஒரு சொல்லும் ஏலா." பொறகு தன்ட விரலப் பாத்துட்டே சொல்லிச்சி. "இதுவரைக்கும் எல்லாரும் யாவாரத்த எடுத்த மகனுட்டத்தான் கேட்டிருக்காங்க. விட்டுட்டு வேற வீட்டுக்குப் போன மகனுட்ட ஆரும் கேக்கல்ல. எனக்கு ஸிராஜ் நானாவோட இன்னும் கனக்கக் கதைக்கணும். வாற செவ்வாயும் வாறன் எண்டு சொல்லியிருக்கார். ஆனா எனக்குக் கிடைக்கிறது அந்த ஒரு மணித்தியாலம்தான் உம்மா. உங்களோட..." எண்டிட்டு நிப்பாட்டிச்சி.

"என்னோட முடிஞ்சிது" எண்டு நானே சொன்னன்.

"இது உங்கட இடம். நீங்க ஓம் எண்டாத்தான் இங்க வெச்சிக் கதைக்கலாம். அவர்ட வீட்டில ஏலா, அங்க ஆக்கள் இருப்பாங்க. நீங்க வேணாமெண்டா நான் வற்புறுத்த மாட்டன்."

எனக்கு வேணாம் எண்டு சொல்லத்தான் வாய் உன்னிச்சி. எனக்குக் கிடைச்ச ஒரேயொரு மணித்தியாலம். கிழமையெல்லாம் எனக்கு இரிக்கிறது அது ஒண்டுதான். அத எடுத்து, அதே அறையில, அதே மேசையில, என்ன வெளிய குந்த வெச்சி, இன்னொரு ஆளுக்குக் குடுக்கச் சொல்லுது இந்தப் புள்ள. அல்லாஹ்வே, அந்த இன்னொரு ஆள் என்ட மகனா இல்லாம வேற ஆராவது எண்டா நான் எழும்பி ஒரு பாட்டம் ஏசியிரிப்பன்.

சம்மந்திட ஹோலில கைய மடியில வெச்சிட்டு இரிந்த அவன்ட முகம் எனக்குக் கண்ணுக்குள்ள நிண்டிச்சி.

"நீ அவனுட்டக் கேக்கிற கேள்வியச் சுறுக்கா முடிச்சிராத" எண்டன். "ஏன் எண்டு கேளு. அதுக்குப் பொறகு எண்டு கேளு. என்னுட்டக் கேட்டயே எப்பிடி இருந்திச்சு எண்டு, அதையும் கேளு. எனக்கு வந்து ஒண்டும் சொல்ல வேணாம். ஆராவது ஒருத்தர் அவனுட்டக் கேட்டாப் போதும்."

புள்ள என்ட கையப் பிடிச்சிச்சி. நான் கைய உதறிட்டு, "போ, போ, நேரமாகுது" எண்டன். ஸ்கூட்டிச் சத்தம் சந்தியில மறையிற வரைக்கும் முத்தத்திலயே இரிந்தன். மீராமுகைதீன் சஹனெல்லாத்தையும் உள்ள அடுக்கிப்போட்டு, வாறன் ராத்தா எண்டிட்டுப் போனாரு. அவருக்கும் ஊட்டில ஆக்கள் பாத்திட்டிரிப்பாங்க. நான் ஊட்டுக்குள்ள போய் லைற்றப் போட்டன், சோத்தச் சூடாக்கினன், சாப்பிட ஏலாம மூடி வெச்சிட்டன்.

அடுத்த செவ்வாய் ஸிராஜ் நேரத்தோடயே வந்திட்டான். புள்ள வர முந்தியே அறைக்குள்ள போய் இரிந்திட்டான். நான் பிளேன்ரீ ஊத்திக் குடுத்தன், குடிச்சான். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கல்ல. ஸ்கூட்டிச் சத்தம் கேட்ட உடன அவன் நிமிந்த நிமிர்ப்ப நான் கண்டன். அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச நிமிர்ப்பு. நான் கதவ விரியத் திறந்து வெச்சிட்டு என்ட கதிரயத் தூக்கிட்டு முத்தத்துக்குப் போனன்.

புள்ள உள்ள போய்க் கன நேரம் ஆகல்ல, சாய்ந்தமருதுப் பக்கமிரிந்து ஆக்கள் ரெண்டு பேர் கலியாணமொண்டுக்குக் கதிர பேச வந்தாங்க. மாப்பிள்ளட ஆக்களாக்கும், நல்ல சந்தோசம். வளவுக்குள்ள வரக்குள்ளயே, "ராத்தா! எங்கட தம்பிட கலியாணம்! உங்கட கூடாரம்தான் வேணும்! புதுக் கதிர இரிக்கா?" எண்டு ஊர் கேக்கக் கத்திட்டு வந்தாங்க.

நான் எழும்பிப் போய் அவங்கள முத்தத்தில மறிச்சன்.

"மெல்லக் கதைங்க தம்பி. உள்ள என்ட மகன் கதைச்சிட்டிரிக்கான்."